மேசனுக்குப் பஞ்சமாம்!

கட்டட வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு நிலாவெளியில் இப்போது நாள்தோறும் கேட்கிறது. கடற்கரையோரம் விடுதி கட்டுகிற முதலாளி சொல்கிறார், கொந்தராத்துக்காரர் சொல்கிறார், வீட்டுத்திட்டத்தில் முதல் தவணைப் பணத்தைப் பெற்று அத்திவாரம் போட்டுவிட்டு மாதக்கணக்காக மேசனுக்குக் காத்திருக்கும் கைம்பெண்ணும் சொல்கிறாள். முறைப்பாடு ஒன்றாயினும் அதனைச் சொல்வோரின் நிலை ஒன்றன்று. முதலிருவரும் அதனோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: "இந்தக் காலத்துப் பெடியன்கள் வெயிலில் நிற்க மாட்டார்கள், கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் இருந்தால் அவர்களுக்குப் போதும்." மூன்றாமவளுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. மாரி தொடங்குமுன் அவளுக்குக் கூரை வேண்டும்.

இளைஞரின் சோம்பல் பற்றிய இந்தப் பல்லவியை முதலில் தீர்த்துவிடுவோம். இறக்கக்கண்டியிலும் கும்புறுப்பிட்டியிலும் குச்சவெளியிலும் பிறந்த இதே பிள்ளைகள்தாம் கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் கட்டடச் சாரங்களின்மேல் நிற்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கட்டாரில் எழுந்த அரங்குகளையும் விடுதிகளையும் பெருந்தெருக்களையும் கட்டியவர்கள் யார்? நேபாளிகள், வங்காளிகள், இந்தியர், இலங்கையர். அங்கே வெயிலின் கொடுமை எத்தகையதெனின், யூன் மாதம் தொடங்கிச் செப்டெம்பர் நடுப்பகுதிவரை, காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை மணிவரை, வெளிவேலை வாங்குதலைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வெயிலைத் தாங்குகிறவன் நிலாவெளி வெயிலுக்கு அஞ்சுகிறானாம்! இதை நம்புவதற்கு மிகுந்த கற்பனை வளம் வேண்டும். கொந்தராத்துக்காரர்களுக்கு அது வாய்த்திருப்பதை மறுப்பதற்கில்லை.

உண்மை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளூரில் மேசன் வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கு நாட்கூலி உண்டு. மழை பெய்தால் அதுவும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டால் வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியிற் கொண்டுபோய் விடுவதோடு முதலாளியின் தருமம் முடிந்துவிடும். வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் 1934ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. அதன்படி வேலை கொடுப்பவர் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கும் ஊழியர் எட்டுப் பங்கும் செலுத்த வேண்டும். நாட்கூலியாயினும், துண்டுக் கூலியாயினும் இச்சட்டத்திலிருந்து விலக்கில்லை. ஆனால் எமது கடற்கரையில் முப்பது ஆண்டு கல் வைத்த மேசனைக் கேட்டுப் பாருங்கள். சேமலாப நிதியில் அவர் பெயரில் எத்தனை ரூபாய் இருக்கிறது? அப்படியொரு நிதி தமக்கும் உரியதென்று அறிந்தவர்களே அருமை. அறுபது வயதில் முழங்கால் வலியும் சீமெந்து தின்ற விரல்களும் அவருடைய ஓய்வூதியம். இதைக் கண்முன்னே காணும் பையன் தகப்பனின் சாந்தகப்பையை எடுக்கத் தயங்கினால், அவன் சோம்பேறியா, கணக்குத் தெரிந்தவனா?

இன்னுமொன்று. எமது தமிழில் மேசனுக்குக் கையாளாக நிற்பவனுக்கு ஒரு பெயர் வழங்குகிறது. 'முட்டாள்' என்பது அப்பெயர். "இரண்டு மேசனும் மூன்று முட்டாளும்" என்று கூலிக்கணக்கில் எழுதுவார்கள், எவரும் கூச்சப்படுவதில்லை. முட்டுக் கொடுக்கும் ஆள் என்பதே சொல்லின் மூலம் என்று விளக்குவாரும் உளர். இருக்கலாம்; சொல்லாராய்ச்சி எமக்கும் பிரியமான விடயந்தான். ஆயினும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் விடியற்காலையில் தளத்துக்கு வந்து நிற்கையில், "இன்றைக்கு ஆர் முட்டாள்?" என்று மேற்பார்வையாளர் உரத்துக் கேட்டால், அவன் செவியில் விழுவது வேர்ச்சொல் அன்று. அந்தப் பெயரோடு அவன் இரண்டு மூன்று ஆண்டுகள் சாந்து குழைக்கிறான், கல் சுமக்கிறான், தண்ணீர் இறைக்கிறான். அவனுக்குத் தொழில் பழக்குவது யாருடைய கடமையும் அன்று. மேசன் மாமனாகவோ ஒன்றுவிட்ட அண்ணனாகவோ இருந்தால் மாலையில் ஒரு கணம் கரண்டியைக் கையிற் கொடுப்பார். உறவில்லாதவன் கண்ணால் திருடிக் கற்க வேண்டும். கண் பார்த்தால் கை செய்யும் என்பது பழமொழி. பழமொழியை நம்பி ஒரு நாட்டின் கட்டடத் தொழிலை விட்டுவைத்திருக்கிறார்கள்.

நாம் ஏதோ மேசனின் பெருமையை அறியாத இனம் என்று எவரும் கருத வேண்டா. மேடைகளிற் கேட்டுப் பாருங்கள்! தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசாத தமிழ் விழா உண்டா? 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் கல்வெட்டிலே அதனைக் கட்டிய வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அரசனும் அரசியரும் கொடுத்த கொடைகளைப் பொறித்த சுவரிலேயே தச்சனுக்கும் இடமிருந்தது. நிலவுடைமைச் சமுதாயத்தின் உச்சத்தில் நின்ற மன்னனுக்கு இருந்த இந்தச் சிறு மரியாதை எமது சனநாயக காலத்துக்கு இல்லை. வீட்டுத்திட்டங்களின் முகப்பிலே பளிங்குப் பலகை பதிக்கிறார்கள். அமைச்சர் பெயர் இருக்கும். தூதுவர் பெயர் இருக்கும். நிதி தந்த நிறுவனத்தின் இலச்சினை நிறத்தோடு இருக்கும். மட்டம் பிசகாமல் அந்தப் பலகையைப் பதித்தவன் பெயர் மட்டும் எங்குமில்லை.

வீட்டுத்திட்டம் என்றதும் கடந்த இருபது ஆண்டுக் கதையைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் மேசன் பஞ்சம் வானத்திலிருந்து விழவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளியை அடித்துச் சென்றது. அதற்கு முன்னரே இருபது ஆண்டுப் போரில் வடக்கிலும் கிழக்கிலும் இலட்சக்கணக்கான வீடுகள் இடிந்தும் எரிந்தும் போயிருந்தன. போர் மீண்டும் மூண்டு 2009இல் முடிந்தபோது இடிபாடு மேலும் பெருகியிருந்தது. இவற்றையெல்லாம் திரும்பக் கட்டுவதற்கு உலகமே திரண்டு வந்தது. உலக வங்கியின் கடனில் 2005 முதல் வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டம் நடந்தது. ஒரு வீட்டுக்கு முதலில் இரண்டரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பின்னர் 2012இல் இந்திய அரசின் ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டம் முழுவீச்சில் தொடங்கியது. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம். பணம் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் விழும். வீட்டுக்காரரே பொருள் வாங்கி, ஆள் பிடித்து, வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு 'உரிமையாளர் வழிநடத்தும் முறை' என்று பெயர்.

இம்முறையில் நன்மை உண்டு என்பதை மறுக்க மாட்டோம். கொழும்பிலிருந்து வந்த கொந்தராத்துக்காரர் வரிசையாய்க் கட்டிவிட்டுப் போன பெட்டிகளைவிட, குடும்பம் தானே நின்று கட்டிய வீடு மேலானது. ஆனால் 'ஆள் பிடித்து' என்று ஒரு சொல்லில் நாம் கடந்து சென்றோமே, அங்கேதான் இடறல். ஆள் எங்கே இருந்தான்? போரிலே ஒரு தலைமுறை மேசன்மாரும் தச்சரும் மாண்டார்கள், காணாமற் போனார்கள், புலம்பெயர்ந்தார்கள். மாமன் மருமகனுக்குப் பழக்கிய அந்தப் பழைய சங்கிலியும் அகதி முகாம்களில் அறுந்துபோயிற்று. முகாமிலே வளர்ந்த பையன் எந்தச் சுவரைப் பார்த்துச் சுவர் கட்டப் பழகுவான்? தறப்பாளைப் பார்த்தா?

பத்தாயிரக்கணக்கான வீடுகளை ஒரே காலத்தில் கட்ட முடிவு செய்தவர்கள், கட்டுகிற கைகளை யார் ஆக்குவது என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் சில நாட் பயிற்சி வகுப்புகளை நடத்தின. வன்னியிலே பெண்கள் சிலரும் மேசன் வேலையும் கல்லரிதலும் பயின்று தம் வீடுகளைத் தாமே எழுப்பினார்கள். அவர்களைப் போற்றுகிறோம். ஆனால் திட்டத்தின் அளவுக்கு முன் அம்முயற்சிகள் கடலிற் கரைத்த பெருங்காயம். மொத்தத்தில் நடந்தது யாது? இருந்த சில மேசன்மார் ஒரே நேரத்தில் ஐந்து வீட்டுக்கு முற்பணம் வாங்கினார்கள். எந்த வீடும் முடியவில்லை. கூலி ஏறியது; உதவித்தொகை ஏறவில்லை. இடைவெளியை நிரப்பத் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. நுண்கடன் நிறுவனங்கள் வாசலுக்கு வந்தன. சாந்தகப்பை பிடிக்கத் தெரியாதவனெல்லாம் 'பாஸ்' ஆனான்.

அதன் பின்னும் பாடம் படிக்கவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வீடமைப்பு அமைச்சின் திட்டங்களில் அத்திவாரம் போட்ட குடும்பங்களுக்கு, 2019 இறுதியில் ஆட்சி மாறியதும், மிகுதித் தவணைகள் நின்றுபோயின. 2021இல் ஆயிரம் ரூபாயளவில் விற்ற ஐம்பது கிலோ சீமெந்துப் பை 2022இல் இரண்டாயிரத்து ஐந்நூறையும் தாண்டியது. சுவர் எழுந்து கூரை எழாத வீடுகள் வடக்குக் கிழக்கெங்கும் காட்சிப் பொருளாயின. வேலை நின்ற கட்டடத் தொழிலாளி என்ன செய்வான்? அந்த ஓராண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள். ஆட்சியாளருக்கு இது துயரமாகத் தோன்றவில்லை. அந்நியச் செலாவணியாகத் தோன்றியது. 2023 ஒக்டோபருக்குப் பின், பலஸ்தீனத் தொழிலாளருக்கு வாயில் அடைக்கப்பட்ட இசுரேலின் பண்ணைகளுக்கும் கட்டடத் தளங்களுக்கும் இலங்கையரைப் பிடித்து அனுப்பினார்கள். ஒரு மக்களின் வீடுகள் குண்டு வீழ்ந்து தரைமட்டமாகிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய கூலியையும் பறித்தவன் வீட்டைக் கட்ட எங்கள் பிள்ளைகள் போனார்கள். வீடிழந்ததன் வேதனை அறிந்த நாட்டிலிருந்து போனார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

மேசன் இல்லாவிட்டால் மேசனே வேண்டாத வீட்டைக் கொண்டுவருவோம் என்று எண்ணிய மேதைகளும் இருந்தார்கள். 2015 இறுதியில் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 வீடுகள் என்று அறிவிப்பு வந்தது. ஆர்செலர்மித்தல் என்ற பன்னாட்டு உருக்குக் கம்பெனி தன் ஆலையிலே ஆக்கிய தகடுகளையும் சட்டங்களையும் கப்பலில் ஏற்றிவந்து இங்கே பூட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு வீட்டின் விலை இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல். கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டும் வீட்டுக்கு அதே அரசாங்கம் அக்காலத்திற் கொடுத்த உதவி எட்டு இலட்சம் அளவில். அப்போதைய வட மாகாண முதலமைச்சர் எதிர்த்தார். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் எதிர்த்தனர். பொறியியல் அறிஞரும் பொருளியல் அறிஞரும் எழுத்திலே காரணம் காட்டி எதிர்த்தனர். வெப்பத்தைத் தகடு எப்படித் தாங்கும், கடற்காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும், பின்னர் ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட முடியுமா என்றெல்லாம் வாதம் நடந்தது. திட்டம் சுருங்கிச் சுருங்கி ஈற்றிற் கைவிடப்பட்டது. நல்லது. ஆனால் அந்த வாதத்திலே மிகச் சிலரே கேட்ட கேள்வி ஒன்றுண்டு. 65,000 வீட்டையும் கல்லாற் கட்டினால் அதில் எத்தனை ஆயிரம் பேர் தொழில் கற்பார்கள்? கல்லரிகிறவன், கம்பி கட்டுகிறவன், நிலைக்கதவு செய்யும் ஓடாவி, ஓடு போடுகிறவன், மின்னிணைப்புச் செய்கிறவன் என்று கிராமத்துக்குக் கிராமம் பெருகும் அறிவு எவ்வளவு? உருக்கு வீட்டோடு அதற்குரிய கூலியும் அறிவும் வெளிநாட்டு ஆலையில் தங்கிவிடும். எமக்கு வருவது தகடு.

திருகோணமலை மாவட்டத்துக்கு இந்தச் சங்கதி புதியதன்று. நிலாவெளியிலிருந்து வடக்கே போகும் தெருவின் முடிவில் புல்மோட்டை இருக்கிறது. இல்மனைற்றும் உரூத்தைலும் நிறைந்த அக்கரை மணலை வாரிக் கப்பலேற்றுவதற்கு 1957ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். அன்றுமுதல் மணல் பெரும்பாலும் மணலாகவே போகிறது. விலை உயர்ந்த பொருளாக மாறுவது அந்நிய நாடுகளில். மணலுக்கு நேர்ந்ததே மனிதருக்கும் நேர்கிறது. பக்குவப்படுத்தாத கையை மலிவாக ஏற்றுமதி செய்கிறோம். தெற்கே திரும்பினால் துறைமுகத்தையொட்டி டோக்கியோ சீமெந்து ஆலை, 1982இல் ஏ. வை. எஸ். ஞானம் என்ற தமிழ்த் தொழிலதிபர் தொடங்கிய கம்பெனியினுடையது. நாட்டிலே விற்கும் சீமெந்தின் பெரும்பங்கு எமது குடாவில் அரைபடுகிறது. அந்தக் கம்பெனி மேசன்மாரைப் பயிற்றுவதற்கு ஒரு பயிற்சிக் கழகமும் நடத்துகிறது. எங்கே? தம்புள்ளையில். தம்புள்ளைப் பிள்ளைகள் தொழில் கற்பதில் எமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் உழைப்பாளர் பிள்ளைகளே. ஆனால் ஆலைத் தூசியை நுகரும் ஊருக்கும் சாந்தகப்பை பிடிக்கும் உரிமை இருக்க வேண்டாமா?

பயிற்சி எதற்கு, மேசன் வேலை மாடு மேய்ப்பது போலத் தானே வருவதுதானே என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். (மாடு மேய்ப்பதும் தானே வருவதன்று, அது வேறு கதை.) எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டைக் கட்டிப் பார்க்கட்டும். இங்கே காற்றில் உப்பு, கிணற்றில் உவர், காலடியிலே கடல்மணல். மகாவலி ஆற்று மணல் விலையேறியதும், இரவோடிரவாகக் கடற்கரை மணலை வாரிக் கலக்கிறவர் உண்டு. அவ்வுப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். சில ஆண்டுகளில் மேற்றளத்தின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாய்க் கழன்று படுத்திருக்கும் குழந்தையின் மேல் விழும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை கனம் கொங்கிறீற் இருக்க வேண்டும், கலவையில் எவ்வளவு தண்ணீர் அதிகமானால் பலம் கெடும், வார்த்த பின் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் ஏன் நீர் தெளிக்க வேண்டும், அந்த நீர் உவராக இருந்தால் என்ன கேடு: இவை இரசாயனம். 1964 டிசெம்பர் புயல் திருகோணமலையைத் தாக்கியதை முதியோர் மறக்கவில்லை. 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கியது. வளையைச் சுவரோடு எங்ஙனம் பிணைத்தால் கூரை பறக்காது என்பது பௌதிகம். மூலைமட்டம் பார்ப்பது பைதகரசின் தேற்றம். பத்தாம் வகுப்பிலே நாம் கரும்பலகையில் எழுதி மாணவரை உருப்போடச் செய்கின்ற அத்தேற்றத்தை, மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடித்து நாள்தோறும் நிறுவுகிறவன் மேசன். அவனைப் படிக்காதவன் என்கிறோம்.

அரசாங்கத்திடம் பயிற்சி அமைப்புகள் இல்லாமலில்லை. எழுத்துக்கணக்கில் ஏராளம். 1971இல் பயிலுநர் சட்டம் வந்தது. அதன் வழியே பிறந்ததே இன்றைய 'நைற்றா'. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை பிறந்தது. ஏழு படிகளைக் கொண்ட தேசிய தொழிற்தகைமைச் சட்டகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையை அமைத்து, திறன்மிக்க கட்டடத் தொழிலாளர் பதிந்துகொண்டு அடையாள அட்டை பெற வேண்டுமென்றும் விதித்தது. முன்கற்றலை மதிப்பிடும் முறை என்று ஒன்றும் உண்டு: வகுப்பிற் படிக்காமலே தொழில் பழகிய மேசன், மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். சிறந்த ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அச்சான்றிதழை வாங்கிய மேசன் அடுத்த நாள் எங்கே போகிறார்? முகவர் நிலையத்துக்கு. ஏனெனில் அந்தத் தாளுக்கு வெளிநாட்டில் மதிப்பிருக்கிறது. உள்ளூர்க் கொந்தராத்துக்காரர் அதற்காக ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பதில்லை. வீட்டுத்திட்டங்களிலும் சான்றிதழ் பெற்ற மேசனைக்கொண்டு கட்டினாலே அடுத்த தவணை என்ற விதியை நாம் கண்டதில்லை. அரசாங்கம் ஒரு கையாற் சான்றிதழ் கொடுத்து, மறு கையால் அதைப் பயனற்றதாக்கி, மூன்றாவது கையால் விமான நிலையத்துக்கு வழிகாட்டுகிறது.

பயிற்சி நிலையத்துப் பாடநெறியும் அப்படித்தான். ஆறு மாதம் படிக்க வேண்டும். பயிலும் காலத்திற் கிடைக்கும் உதவிப்பணம் பெரும்பாலும் பேருந்துச் செலவோடு தீர்ந்துவிடும். தகப்பனை இழந்த பையன் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருப்பதெப்படி? முட்டாளாக நின்றால் மாலையிலே காசு. அவன் தெரிவை அறியாமை என்பது அநியாயம். மேலும், பயிற்சி நிலையத்தில் ஒரு சுவரைக் கட்டுவார்கள், சோதித்தபின் இடித்துவிடுவார்கள், அடுத்த அணி அதே கல்லில் மறுபடி கட்டும். சுற்றிலும் கூரையில்லாத வீடுகள் நிற்கும் ஊரில் இதைவிடக் கொடிய பகடி வேறுண்டா?

பள்ளிக்கூடத்துக்கும் இதிலே பங்குண்டு. ஆசிரியர் அறைகளில் நாம் கேட்கும் வாசகம் ஒன்று: "படிக்காவிட்டால் மேசன் வேலைக்குத்தான் போவாய்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த வகுப்பிலேயே மேசனின் மகன் இருக்கிறான். அவன் தகப்பன் கட்டிய சுவருக்குள் இருந்துகொண்டு இதைக் கேட்கிறான். கையால் உழைப்பவன் கீழானவன் என்ற சாதிச் சமுதாயத்தின் பழைய நஞ்சு, வெண்கட்டித் தூளில் கலந்து இங்ஙனம் புதுப்பிக்கப்படுகிறது. உயர்தரத்திலே இஸட் புள்ளி போதாதவன் எல்லாம் தோல்வி. தொழிற்கல்வி என்பது தோற்றவனுக்கு எறியும் துண்டு. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இந்நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்தைத் தேடியது. இடைநிலை வகுப்பில் எல்லா மாணவருக்கும் தொழின் முன்னிலைப் பாடம் என்று ஒன்றை வைத்தார்கள். அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்த ஊர்ப் பள்ளி கற்பிக்க வேண்டும் என்பது நோக்கம். குறைகள் மலிந்த முயற்சிதான்: கருவி இல்லை, பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை, பெற்றோருக்கு நம்பிக்கை இல்லை, நகரத்துப் பெரிய கல்லூரிகள் அதனை எள்ளி நகையாடின. ஆயினும் மருத்துவனின் மகனும் மேசனின் மகனும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும் என்ற அதன் உட்கருத்து சரியானது. 1977இல் ஆட்சி மாறியது. குறைகளைத் திருத்துவதற்குப் பதிலாகத் திட்டத்தையே தூக்கி எறிந்தார்கள். திறந்த பொருளாதாரத்துக்குத் தொழில் தெரிந்த குடிமகன் தேவைப்படவில்லை. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவும், 2017 முதல் பதின்மூன்றாண்டுக் கல்வி என்ற பெயரில் தொழிற்பிரிவும் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் அவை மீண்டும் தரம்பிரித்துத் தள்ளும் வாயில்களாக இயங்குவதையே காண்கிறோம். சித்தியடைந்தவன் ஒரு வழி. மற்றவன் மறு வழி.

வேறு வழியே இல்லையா? கேரளத்தைப் பாருங்கள். வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற ஊரில், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் வழிநின்ற கூலித் தொழிலாளரை, மேல்சாதி நிலக்காரர் வேலை கொடாது விலக்கினார்கள். 1925இல் 14 பேர் சேர்ந்து தமக்குத் தாமே வேலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று பல்லாயிரம் தொழிலாளரைக் கொண்டு பாலமும் பெருந்தெருவும் மாளிகையும் கட்டுகிறது. அங்கே நிருவாகக் குழுவிற்குத் தெரிவாகிறவர் தொழிலாளரே. இலாபம் கொந்தராத்துக்காரரின் மாடிவீட்டுக்குப் போவதில்லை. பயிற்சிக்கும் காப்புறுதிக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. தமிழ்நாட்டிலே 1979இல் அமைந்த கட்டடத் தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்காகப் போராடியதன் பயனாக 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், பின்னர் கட்டடத் தொழிலாளர் நலவாரியமும் வந்தன. 1996இல் இந்தியா முழுவதற்குமான சட்டம், கட்டுமானச் செலவிலே நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுவரை தீர்வையாகப் பிரித்துத் தொழிலாளர் நலனுக்கு வைக்கச் சொன்னது. அங்கும் அந்த நிதி தேங்கிக் கிடப்பதும், அட்டை வாங்க அலைவதும், இடைத்தரகர் புகுவதும் உண்டு. எனினும் கட்டடம் கட்டுகிறவன் யார் தலையிலாவது ஒரு கடமையைச் சட்டம் ஏற்றியிருக்கிறது. நிலாவெளிக் கடற்கரையில் எழும் விடுதிகளின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று எவ்வளவு வரும்? அந்தப் பணத்தில் குச்சவெளிப் பிரதேசத்துக்கென ஒரு பயிற்சித் தளம் நடத்த இயலாதா?

"பயிற்றினாலும் வெளிநாடு போய்விடுவானே" என்பார்கள். போகட்டும், போகும் உரிமை அவனுக்குண்டு. தொழில் தெரிந்து போகிறவன் கூலிக்குப் பேரம் பேசுவான். தெரியாமல் போகிறவன் கடவுச்சீட்டையும் பறிகொடுத்து நிற்பான். ஆனால் எல்லாரும் போகமாட்டார்கள். தாயை விட்டுப் போக முடியாதவன், கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்பவள், முன்னாளிற் போராளியாயிருந்ததால் எந்த அலுவலகமும் வேலை கொடாதவன், கடலிலே மீன் குறைந்து வலையை மடித்துவைத்தவன் என்று ஊரிலே எத்தனை பேர்! அவர்களுக்கு முழுச் சம்பளத்தோடு, நிற்கின்ற அரைகுறை வீடுகளையே பயிற்சிக் கூடமாக்கிக் கொடுத்தால் என்ன? மூத்த மேசன் ஒருவர், பயிலுநர் நால்வர், ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர். இவர்கள் ஓராண்டில் ஐந்தாறு வீட்டை முடிப்பார்கள். அந்த மூத்த மேசனுக்கு ஆசிரியன் என்ற பெயரும் அதற்குரிய சம்பளமும் கொடுக்க வேண்டும். அவர் கற்பிப்பதும் நாம் கற்பிப்பதும் ஒரே தொழில்.

இதனைக் கோரிக்கையாக எழுப்புவதற்குப் பெரிய மாநாடு தேவையில்லை. தொழிற்சங்கக் கிளை கூடும்போது ஆசிரியர்கள் எழுப்பலாம். சனசமூக நிலையத்தில் மாணவர்கள் எழுப்பலாம். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அந்தக் கைம்பெண்ணும் எழுப்பலாம். அடுத்த வீட்டுத்திட்டத்தின் மதிப்பீட்டுத்தாள் பிரதேச செயலகத்துக்கு வரும். சீமெந்து இத்தனை பை, மணல் இத்தனை கியூப், கம்பி, ஓடு, நிலை, கதவு என்று வரிசையாய் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை வாங்கி, பயிலுநர் சம்பளம் என்ற வரி எங்கே, சேமலாப நிதி என்ற வரி எங்கே, விபத்துக் காப்புறுதி என்ற வரி எங்கே என்று தேடிப் பாருங்கள். அவை இல்லையாயின் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுங்கள்.